பெயரில்லாக் காற்புள்ளி

வாட்சோ நகராட்சியில் அக்டோபர் என்றால்
புகைபோக்கிக் கடிதங்கள்.
பனி இறுகும் முன் ஐலிஃப்
கம்பித் தூரிகையோடு கூரை கூரையாக ஏறுவார்.
அவர் வரும் நாளையும்
போன வருடம் குழாய்க்குள் அவர் கண்டதையும்
வீடு வீடாகச் சொல்வது என் வேலை.

ஒரே கடிதம்தான். அதில் நான்கு துளைகள்:
பெயர், தெரு, நாள், குறிப்பு.
துளைகளை அட்டவணை அடைத்துக்கொள்ளும்.
பொத்தானை அழுத்திவிட்டுக் காபி ஊற்றப் போவேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரைத்
தனித்தனியே விசாரித்த களைப்பெல்லாம்
அச்சு இயந்திரத்துக்கு.
தொட்டால் சுடும்.

இந்த வருடம்
எத்தனை வீட்டில் விரிசல் என்று எண்ணிப் பார்க்க
குறிப்புப் பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினேன்.
பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா
என்று கணினி கேட்கத்தான் செய்தது.
வேண்டாம் என்றேன்.
வேண்டாம் என்பது அந்த மாதம்
என் வாயில் சுலபமாக வந்தது.

மாதிரிக்கு முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.
டெஸ்ஃபாய் பெயரில் எழுத்துப்பிழை இல்லை,
ஓரம் கோணவில்லை.
குறிப்பை யார் படித்தார்கள்?

வெள்ளிக்கிழமை ஹால்டிஸ் கூப்பிட்டாள்.
'ஸ்ட்ராண்ட் தெருவில் முப்பத்தோரு வீட்டிலும்
காகம் கூடு கட்டியிருக்கிறதாமே,
மாநாடா?'
சிரித்தேன்.
சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.
கூடு இல்லாதவர்களுக்குக் கூடு போயிருந்தால்
விரிசல் உள்ளவர்களுக்கு
என்ன போயிருக்கும்?

பந்தியில் இலை மாறினால் வயிறு பொறுக்கும்.
இது நெருப்பு.

பழைய கோப்பில் உண்மையான விரிசல்கள் பத்தொன்பது.
பதினான்கு பேர் தொலைபேசியை எடுத்தார்கள்.
மிச்சத்துக்கு ஐலிஃபின் வண்டியில் கிளம்பினோம்.
மூன்று மணிக்கே இருட்டு,
கடலிலிருந்து பக்கவாட்டில் மழை.

பீரெத் வீட்டுக் கூரையில் புகை.
கதவைத் திறந்தவள் கடிதத்தை நீட்டினாள்.
'கோளாறு எதுவும் இல்லை, நிம்மதியாகப் பற்றவைக்கலாம்.
நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?'
நான்தான்.
அவளுக்கென்று எழுதவில்லை,
ஆனாலும் நான்தான்.
ஐலிஃப் பேசாமல் தணலை வாளியில் அள்ளி
சரளையில் கொட்டினார்.
அது சீறிய சத்தம்
எனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது.

மீன் ஆலையில் இரவு வேலைக்குப் போயிருந்தான் விட்மான்டாஸ்.
அவன் கதவில் ஒட்ட ஒரு தாளைக் கிழித்து
பற்றவைக்காதே என்று எழுதினேன்.
என் கையெழுத்தை
நானே பார்த்து நாளாகியிருந்தது;
ஒவ்வோர் எழுத்தும் வேறு வேறு உயரத்தில்.

இன்னும் இரண்டு வீடு. பூட்டியிருந்தன, அடுப்பும் குளிர்ந்திருந்தது.
'பத்தொன்பதாவது?' என்றேன்.
ஐலிஃப் வண்டியை நிறுத்தவில்லை,
திருப்பவும் இல்லை.
'உன் வீடு, ரன்வை.'

அஞ்சல் பெட்டியில் கிடந்தது, நானே மடித்தது.

அன்புள்ள ,

பிரிந்த பிறகு அவன் குடும்பப் பெயரை அழித்தேன்;
அழித்த கை முழுப் பெயரையும் அழித்திருக்கிறது.
பழையதைத் தட்டச்சு செய்ய
நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.
இப்போது யாரும் இல்லாத இடத்துக்குப் பக்கத்தில்
காற்புள்ளி மட்டும் வளைந்து நிற்கிறது,
பேருந்து போய்விட்டது தெரியாதவர் போல.
கீழே: கோளாறு எதுவும் இல்லை.

கோட்டைக் கழற்றாமலே தூங்கினேன்.
அடுப்பில் நேற்று அடுக்கிய விறகு
அடுக்கியபடி.

சனிக்கிழமை அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.
வெற்றுக் கட்டத்தில் பெயரைத் தட்டினேன்.
திரும்பவும் அறுநூற்றுப் பன்னிரண்டு.
காபிக்குப் போகவில்லை.
இருநூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் தாள் சிக்கியது.
மூடியைத் திறந்து, விரல் சுட்டுக்கொண்டு,
மெல்ல உருவினேன்.
கசங்கிய தாளை மேசையில் நீவிவைத்து
யாருடையது என்று
இம்முறை படித்தேன்.